எந்த விலை கொள்ளை விலை?

அடக்க விலைக்குப் பல மடங்கு மேலே வைத்து ஒருவர் விற்றால் அதைக் கொள்ளை என்கிறோம். கோபம் கூடினால் அது பகல் கொள்ளை. ஏமாந்த உணர்வும் சேர்ந்துகொண்டால் ‘மொட்டையடித்துவிட்டான்’, ‘தலையில் மிளகாய் அரைத்துவிட்டான்’ என்று பேச்சு போகும். கொள்ளையில் பறிகொடுப்பவரின் சம்மதம் கிடையாது. இங்கேயோ வாங்கியவர் விலை கேட்டிருக்கிறார், யோசித்திருக்கிறார், தன் கையாலேயே பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அப்படியிருந்தும் திருட்டுக்குரிய சொற்களே வாயில் வருகின்றன.

இது வெறும் ஆத்திரப் பேச்சா, அல்லது அந்த விற்பனையில் உண்மையிலேயே ஓர் அநியாயம் நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் அது எங்கே இருக்கிறது? விலையின் அளவிலா, விற்றவர் மறைத்த செய்தியிலா, வாங்கியவரின் இக்கட்டிலா, ஊர் வழக்கத்தை மீறியதிலா? இந்தக் கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அரசியல் நூலார், சமய அறிஞர்கள், சட்ட வல்லுநர்கள், பொருளியலாளர்கள் என ஒவ்வொரு தரப்பும் விடை சொல்லியிருக்கிறது. அவற்றுள் முதன்மையானவற்றையும் அவை எங்கே இடறுகின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

வரம்பு எண்ணில் இருக்கிறது

மிகப் பழைய விடை, இலாபத்துக்கு ஓர் எண்ணை வரம்பாக வைப்பது. உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து, வெளிநாட்டுச் சரக்குக்கு நூற்றுக்குப் பத்து என்று அர்த்தசாஸ்திரம் இலாபத்தை நிர்ணயிக்கிறது. மீறிய வணிகருக்கு அபராதம் உண்டு. தூர வழியின் செலவையும் ஆபத்தையும் நினைத்துத்தான் வெளிநாட்டுச் சரக்குக்கு இரட்டிப்பு இலாபம் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். அரசு தானே விற்கும் சரக்கிலும், குடிகளைத் துன்புறுத்தும் அளவுக்கு இலாபம் வருமானால் அதை விட்டுவிட வேண்டும் என்கிறது அந்நூல்.

யூதர்களின் தால்முத் இன்னும் நுட்பமான கணக்கை வைத்திருக்கிறது. வாங்கிய விலை சந்தை விலையிலிருந்து ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக விலகியிருந்தால் புகார் கூடாது. சரியாக ஆறில் ஒரு பங்கு என்றால் வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்கும் மேல் போனால் விற்பனையே செல்லாது. ரோமானியச் சட்டமோ வேறு பக்கத்திலிருந்து வந்தது. நியாய விலையில் பாதிக்கும் கீழே நிலத்தை விற்க நேர்ந்தவர் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம் என்றது. அங்கே காப்பாற்றப்பட்டவர் விற்றவர். இடைக்கால ஐரோப்பியச் சட்ட வல்லுநர்கள்தான் அதே பாதுகாப்பை வாங்குபவருக்கும் மற்றப் பொருள்களுக்கும் நீட்டினார்கள்.

தமிழ் மரபு எண் எதையும் வைக்கவில்லை, நெறியை வைத்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லாதவர்கள் என்று பட்டினப்பாலை புகழ்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்பது குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் கருத்து. இவை வணிகரின் மனச்சான்றை நோக்கிப் பேசுகின்றன. சந்தையில் நின்று வழக்குத் தீர்க்க வேண்டிய அதிகாரிக்கு அளவுகோல் எதுவும் இவற்றில் இல்லை.

எண் வரம்பின் பலம் அதன் தெளிவு. ஆனால் எதிலிருந்து அளப்பது என்று கேட்ட உடனேயே அது தடுமாறுகிறது. அர்த்தசாஸ்திரம் கொள்முதல் விலையிலிருந்து அளக்கிறது. தால்முத் சந்தை விலையிலிருந்து. ரோமானியச் சட்டம் ‘நியாய விலை’யிலிருந்து அளக்கிறது, ஆனால் நியாய விலை எது என்று விளக்குவதில்லை. சந்தை விலையே ஒரே நாளில் ஏறினால் ஆறில் ஒரு பங்குக் கணக்கு கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கி.பி. 301இல் ரோமப் பேரரசர் டயக்ளீஷியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை அறிவித்து, மீறினால் மரண தண்டனை என்றார். சரக்கு சந்தையிலிருந்து மறைந்தது, ஆணை கைவிடப்பட்டது என்று சமகாலத்தவரான லாக்டான்டியஸ் எழுதுகிறார். அவர் அந்தப் பேரரசரின் பகைவர் என்பதால் அவர் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனாலும் உச்ச விலை அடக்கத்துக்குக் கீழே போனால் வணிகர் ஒதுங்கிக்கொள்வார் என்ற பாடம் பின்வந்த நூற்றாண்டுகளில் பல முறை உறுதிப்பட்டிருக்கிறது.

மறைத்த செய்தியில் இருக்கிறது

இரண்டாவது விடை விலையை விட்டுவிட்டு வாயைப் பார்க்கிறது: விற்றவர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார்? இதன் பழைய வடிவம் கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில் கிடைக்கிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகர் வந்து சேர்கிறார். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை வழியில் பார்த்திருக்கிறார். ஊராருக்கு அது தெரியாது. சொன்னால் விலை விழும். சொல்லாவிட்டால் கேட்ட விலை கிடைக்கும். அவர் என்ன செய்ய வேண்டும்?

சரக்கில் குறை இருந்தால் சொல்ல வேண்டும், மற்றதைச் சொல்லும் கடமை இல்லை. சொல்லாதிருப்பதும் ஏமாற்றுவதும் ஒன்றல்ல என்கிறார் பாபிலோனின் டயோஜனிஸ். விற்பவருக்குத் தெரிந்த அனைத்தும் வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கம் நிற்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இதே சிக்கலை எடுத்துக்கொண்ட தாமஸ் அக்வினாஸ் இருவருக்கும் நடுவே ஒரு வழி கண்டார்: நீதியின்படி சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை, சொன்னால் அது மேலான அறம்.

இந்த நிலைப்பாட்டுக்கு விலை வரம்பே தேவையில்லை. எல்லாம் தெரிந்துதான் ஒருவர் வாங்கினார் என்றால் பிறகு கொள்ளை என்று புலம்ப இடமில்லை. பொட்டலத்தில் விலை அச்சிடுவது, மறைமுகக் கட்டணங்களைத் தடுப்பது, வட்டியின் முழுக் கணக்கையும் கடன் வாங்குபவருக்குக் காட்டச் சொல்வது என இன்றைய நுகர்வோர் சட்டங்களில் பெரும்பகுதி ஆன்டிபேட்டரின் வழி வந்தவை.

இதன் பலவீனங்கள் இரண்டு. முதலாவது, செய்தியைத் திரட்டவும் உழைப்பு வேண்டும். முந்தி வந்தவர் தன் இலாபத்தைத் தானே அழித்துக்கொள்ள வேண்டும் என்றால், பஞ்சம் பட்ட ஊருக்கு முந்தி வர யாருக்கும் உந்துதல் இருக்காது. இரண்டாவது, எல்லாம் தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத நிலை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018இல் தில்லி வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து, சில பொருள்களில் இலாபம் 1,737 சதவீதம் வரை போயிருப்பதாக அறிக்கை தந்தது. சிரிஞ்சு போன்ற எளிய பொருள்களும் அந்தப் பட்டியலில் வந்தன. பொட்டலத்தில் விலை அச்சாகியிருக்கும், பில்லில் வரி வரியாகக் கணக்கும் இருக்கும். படுக்கையில் நோயாளி இருக்கும்போது அந்தத் தகவலை வைத்துக்கொண்டு குடும்பத்தார் எந்தக் கடைக்குப் போக முடியும்?

இக்கட்டை விற்பதில் இருக்கிறது

இந்த இடத்தில்தான் மூன்றாவது விடை உள்ளே வருகிறது. அக்வினாஸ் ஒரு வேறுபாட்டை வகுத்தார். ஒரு பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு இழப்பு உண்டென்றால் அதை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். வாங்குபவருக்கு அந்தப் பொருள் மிகவும் அவசியம் என்பதற்காக மட்டும் விலையை உயர்த்தக் கூடாது. ஏனெனில் அந்த அவசரம் வாங்குபவருடையது; தன்னுடையதல்லாத ஒன்றை விற்பவர் விற்க முடியாது.

பொதுப் புத்திக்கு மிக நெருக்கமான விடை இது. நள்ளிரவில் பிரசவ வலியோடு நிற்பவரிடம் ஆட்டோவுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டால் ஊரே திட்டுவது இந்த உள்ளுணர்வில்தான். ஆனால் இதைப் பொது விதியாக்குவது எளிதல்ல. வாங்குவதெல்லாம் ஏதோ ஒரு தேவையால்தான். பசி இல்லாவிட்டால் உணவகம் இல்லை. நோய் இல்லாவிட்டால் மருந்துக்கடை இல்லை. அவசரத்தை விற்பது தவறென்றால் இந்திய ரயில்வேயும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். 1997இல் தொடங்கிய தட்கல் திட்டம் பெயரிலேயே அவசரத்தைச் சொல்லி அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்குகிறது. 2014இல் வந்த பிரீமியம் தட்கலில் இடம் குறையக் குறையக் கட்டணம் ஏறும்.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்கா மரபைச் சார்ந்த இறையியலாளர்கள் இதற்கு ஒரு திருத்தம் தந்தார்கள். 1544இல் எழுதிய லூயிஸ் சரவியா டி லா கயே, நியாய விலை என்பது சரக்கும் வணிகரும் பணமும் மிகுந்தோ குறைந்தோ இருப்பதிலிருந்து பிறக்கிறது, உற்பத்திச் செலவிலிருந்து அல்ல என்றார். பலரும் கூடும் சந்தையில் பொது மதிப்பீடாக உருவாகும் விலை நியாயமானது. மோசடியோ ஏகபோகமோ அதைக் கெடுத்திருக்கக் கூடாது என்பது இம்மரபின் பொதுவான கருத்து.

இதிலிருந்து பயனுள்ள ஒரு பிரிவினை கிடைக்கிறது. ஊருக்கே பொதுவான தேவை விலையில் ஏறுவது ஒன்று. ஒரு தனி மனிதர் மாட்டிக்கொண்டதைப் பார்த்து அவருக்கென்று விலை ஏற்றுவது இன்னொன்று. முன்னதில் வாங்குபவருக்குப் பக்கத்துக் கடை இருக்கிறது. பின்னதில் இல்லை. கொள்ளை என்ற சொல் பின்னதற்கே கூடுதலாகப் பொருந்துகிறது. ஆனால் பொதுத் தேவையே பஞ்சமாக மாறினால் பக்கத்துக் கடை இருந்து என்ன பயன்?

சந்தை சொன்னதே விலை

1776இல் வெளிவந்த நூலில் ஆடம் ஸ்மித் தானிய வணிகருக்காக வாதாடினார். விளைச்சல் பொய்த்த ஆண்டில் வணிகர் விலையை உயர்த்துவதால் மக்கள் முன்கூட்டியே சிக்கனத்துக்கு வருகிறார்கள். அடுத்த அறுவடை வரை தானியம் தாங்குகிறது. உணவு குறைந்த கப்பலில் மாலுமிகளுக்குப் படியைக் குறைக்கும் தலைவரின் விவேகத்தை வணிகரிடம் கண்டார் ஸ்மித். பதுக்கல் மீது மக்களுக்கிருந்த அச்சம் சூனியத்தின் மீதான அச்சத்தைப் போன்றது என்பது அவர் கருத்து. 1770இன் வங்கப் பஞ்சத்திலும் வறட்சியைப் பஞ்சமாக்கியதில் கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் அரிசி வணிகத்துக்கு விதித்த தடைகளுக்குப் பங்குண்டு என்று எழுதினார்.

இந்த வாதத்தைப் புறந்தள்ள முடியாது. உயர்ந்த விலை வெளியூர்ச் சரக்கை உள்ளே இழுக்கிறது. இருப்பதைச் சிக்கனமாகச் செலவிட வைக்கிறது. ஆனால் அதன் இருண்ட பக்கத்தைத் தென்னிந்தியா பார்த்திருக்கிறது. 1876–78இன் தாது வருஷப் பஞ்சத்தில் வைஸ்ராய் லிட்டனின் அரசு தானியச் சந்தையில் தலையிடுவதில்லை என்ற கொள்கையைப் பிடித்துக்கொண்டது. தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்ற சென்னை மாகாண அரசு மேலிடத்தின் கண்டனத்துக்கு ஆளானது. நிவாரணத்தைச் சிக்கனப்படுத்த அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் கூலியை வெட்டினார். தானியத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போக, பல இலட்சம் பேர் மாண்டார்கள்.

கோட்பாட்டில் எங்கே ஓட்டை என்பதை 1981இல் அமர்த்தியா சென் விளக்கினார். 1943இன் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அவர், உணவு கிடைப்பது பெருமளவு வீழாமலேயே பஞ்சம் வரலாம் என்றார். அரிசி விலை ஓடிய வேகத்தில் விவசாயக் கூலிகளின் வருமானமும் மீனவர்களின் வருமானமும் ஓடவில்லை. ஸ்மித்தின் கப்பல் தலைவர் எல்லா மாலுமிகளுக்கும் ஒரே அளவில் படியைக் குறைக்கிறார். விலையோ பணப்பையின் கனத்தைப் பார்த்துப் படி அளக்கிறது. விலை செய்தியைச் சரியாகச் சுமக்கலாம், பங்கீட்டையும் சரியாகச் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஊர் வழக்கை மீறியதில் இருக்கிறது

நான்காவது விடையை எழுதியவர்கள் தத்துவவாதிகள் அல்லர். சந்தையில் கூடிய மக்கள். 1971இல் வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உணவுக் கலகங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். கலகக்காரர்கள் பல இடங்களில் தானியத்தைச் சூறையாடவில்லை. தாங்கள் நியாயம் என்று கருதிய விலைக்கு விற்று, பணத்தை உரியவரிடமே கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தார்மிகப் பொருளாதாரம் இருந்தது என்றார் தாம்சன்.

சென்னை மாகாணத்திலும் இதற்கு நிகரான நிகழ்வுகள் உண்டு. முதல் உலகப் போரின் இறுதி ஆண்டான 1918இல் அரிசி, துணி, மண்ணெண்ணெய் விலைகள் எகிறின. பல ஊர்களில் கடைகள் தாக்கப்பட்டன. செப்டம்பரில் சென்னை நகரமும் கலவரம் கண்டது. இதைப் பற்றி 1979இல் எழுதிய டேவிட் ஆர்னால்ட், குறைந்த விலைக்கு விற்கச் சொல்லி வணிகரை மக்கள் வற்புறுத்தியதையும், மறுப்பு வந்த பிறகு கொள்ளை நடந்ததையும் காட்டுகிறார். வணிகரைக் கொள்ளைக்காரர் என்று கருதியவர்களை அரசு கொள்ளைக்காரர் என்று பதிவு செய்தது.

1986இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் இந்த உணர்வைக் கனடாவில் தொலைபேசிக் கருத்துக் கணிப்பால் அளந்தார்கள். 15 டாலருக்கு விற்ற பனி அள்ளும் மண்வெட்டியைப் பெரும் பனிப்பொழிவுக்கு மறுநாள் 20 டாலராக்கும் கடைக்காரர் செய்வது சரியா என்று கேட்டார்கள். 82 சதவீதத்தினர் அநியாயம் என்றார்கள். மொத்த விலை ஏறியதால் சில்லறை விலையை ஏற்றுவதைப் பெரும்பான்மையினர் குறை சொல்லவில்லை. பழகிய விலை வாங்குபவரின் உரிமை, பழகிய இலாபம் விற்பவரின் உரிமை; ஒருவர் தம் உரிமையைக் காத்துக்கொள்ளலாம், மற்றவருடையதைப் பறித்துத் தம்முடையதைப் பெருக்கக் கூடாது. மக்கள் மனத்தில் இருந்த கணக்கு இது என்று ஆய்வாளர்கள் தொகுத்தார்கள்.

எது மக்களைக் கோபப்படுத்தும் என்பதை இந்த அணுகுமுறை நன்றாகவே முன்னறிவிக்கிறது. கோபம் சரியா என்பதை அது சொல்வதில்லை. பழகிய விலை நியாயமாகத்தான் இருந்தது என்பதற்கு என்ன சான்று? பழக்கமும் மாறும். ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கைக்காரர்கள் வெவ்வேறு கட்டணம் கொடுத்திருப்பதை இன்று பெரும்பாலோர் கேள்வி கேட்பதில்லை. பேருந்தில் அதுவே நடந்தால் சண்டை வரும். இந்த வேறுபாட்டை அறத்தால் விளக்குவதைவிட வழக்கத்தால் விளக்குவது எளிது.

இன்றைய தத்துவச் சர்ச்சை

அண்மைக் காலத்தில் விவாதம் பேரிடர் விலையைச் சுற்றி நடக்கிறது. 2004இல் சார்லி புயல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவைத் தாக்கியபோது 2 டாலர் பனிக்கட்டிப் பை 10 டாலருக்கு விற்றது. மைக்கேல் சாண்டல் 2009இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலை இந்தச் சம்பவத்திலிருந்து தொடங்குகிறார். மக்களின் சீற்றத்தில் நலன், சுதந்திரம் ஆகியவற்றோடு நற்பண்பு பற்றிய தீர்ப்பும் கலந்திருக்கிறது என்பது அவர் வாதம். ஊரே அல்லலுறும்போது அதைத் தனக்கு வாய்ப்பாக்கும் பேராசையைச் சமூகம் ஊக்குவிக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தச் சீற்றத்தில் இருக்கிறது.

2008இல் மாட் ஸ்வோலின்ஸ்கி எதிர்த்திசையிலிருந்து கேட்டார்: புயல் பட்ட ஊருக்கு ஜெனரேட்டர் கொண்டுவராமல் வீட்டில் இருந்தவரை யாரும் குறை சொல்வதில்லை. கொண்டுவந்து அதிக விலைக்கு விற்றவர், வாங்கியவருக்குக் கொஞ்சமாவது உதவியிருக்கிறார். உதவாதவரைவிட உதவியவர் எப்படிக் கெட்டவராக முடியும்? மறுமொழி தந்த ஜெரமி ஸ்னைடர், அடிப்படைப் பொருள்களைப் பணமுள்ளவர் பக்கம் மட்டும் திருப்புவது எல்லோரையும் சமமாக மதிக்கும் கடமையை மீறுகிறது என்றார்.

இருவர் வாதமும் எந்த விற்பனையாளரை மனத்தில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து வலுக்கூடவும் குறையவும் செய்கிறது. வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வருபவருக்கு ஸ்வோலின்ஸ்கியின் வாதம் பொருந்துகிறது. நேற்றே அலமாரியில் இருந்த பால் பொட்டலத்துக்கு இன்று காலை இரட்டை விலை சொல்பவர் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. முதலில் வந்தவரே முழுவதையும் அள்ளிச் செல்வதை அந்த விலையேற்றம் தடுக்கிறது என்று அவர் சொல்லலாம். ஆளுக்கு இரண்டு பொட்டலம் என்று வைத்தாலும் அதே பலன் கிடைக்கும். சாண்டலின் வாதத்துக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு: பேராசையைச் சமூகம் வெறுக்கலாம், சட்டம் அதை எந்த அளவுகோலால் தண்டிக்கும்?

சட்டம் பிடித்த வழிகள்

சட்டம் இந்த விடைகளில் எதையும் முழுமையாக ஏற்காமல் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் பொட்டலப் பொருள்களுக்கு வரி உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலையை (எம்.ஆர்.பி.) அச்சிடும் முறை 1990இல் வந்தது. இப்போது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. பேருந்து நிலையக் கடையில் தண்ணீர் பாட்டிலுக்கு ‘கூலிங்’ என்று இரண்டு ரூபாய் கூட்டி வாங்குவது விதிமீறல். அதே பாட்டிலை உணவகத்தில் மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்தால் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அங்கே விற்பது வெறும் பாட்டிலை அல்ல, இருக்கையும் சூழலும் சேர்ந்த சேவையை.

எம்.ஆர்.பி.யின் பெரிய பலவீனம் பலர் கண்ணில் படுவதில்லை. அந்த விலையைப் பெரும்பாலான பொருள்களுக்குத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். கடைக்காரர் தாண்டக் கூடாத கோட்டை அவர் எவ்வளவு உயரத்திலும் போடலாம். விலையை ஏற்றி அச்சிட்டு அறுபது சதவீதத் தள்ளுபடி என்று விற்பதற்கும் இதே முறை வழிவிடுகிறது.

மருந்தில் மட்டும் அரசு நேரடியாக எண்ணைக் கையில் எடுக்கிறது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை உண்டு. சந்தையில் ஒரு சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் சராசரி விலையோடு சில்லறை வணிகருக்கு 16 சதவீதம் சேர்த்து அது கணக்கிடப்படுகிறது. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்ட்களுக்கும் உச்ச விலை வந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலை சராசரியாக ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. அது ஏறத்தாழ 30,000 ரூபாய்க்கு இறங்கியது. உயர்ரக ஸ்டென்ட்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அனுமதி கேட்டு நிறுவனத் தரப்பிலிருந்து விண்ணப்பமும் போனது. டயக்ளீஷியன் காலத்துச் சிக்கல் தலைகாட்டியது, ஆனால் சந்தை காலியாகவில்லை. இலாபப் பங்கு மிகப் பெரிதாக இருந்த இடத்தில் உச்ச விலைக்கு இடமிருந்தது என்று இதிலிருந்து எச்சரிக்கையோடு முடிவு செய்யலாம்.

காலத்துக்கேற்ப மாறாத எண் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை ஆட்டோ ஓர் உதாரணம். 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு கட்டணம் வைத்தது. பெட்ரோல் விலை ஏறியது. கட்டணம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்றது. ‘மீட்டருக்கு மேல போட்டுக் கொடுங்க’ என்பது முதலில் வந்தது, பிறகு மீட்டரே போடாத நிலை வந்தது. வரம்பு நம்பகத்தன்மையை இழந்ததும் பேரம் மீண்டும் ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழைய வழிக்குத் திரும்பியது.

போட்டிச் சட்டங்கள் விலையைவிட அதிகாரத்தைப் பார்க்கின்றன. சந்தையில் ஆதிக்கம் செலுத்தும் நிறுவனம் நியாயமற்ற விலை வைப்பதை இந்தியாவின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஐரோப்பிய நீதிமன்றம் 1978இல் ஒரு வாழைப்பழ நிறுவன வழக்கில், பொருளின் பொருளாதார மதிப்போடு நியாயமான தொடர்பில்லாத விலை மிகை விலை என்றது; ஆனால் அந்த வழக்கிலேயே மிகை விலை நிரூபணமாகவில்லை. அமெரிக்கச் சட்டம் உயர் விலையைத் தனியாகக் குற்றம் என்று கொள்வதில்லை. 2015இல் டாராபிரிம் மாத்திரை 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்கு ஏற்றப்பட்டது உலகறிந்த செய்தி. அதற்குக் காரணமானவருக்கு 2022இல் நீதிமன்றம் மருந்துத் துறையில் ஈடுபட வாழ்நாள் தடை விதித்தபோது அடிப்படையாகக் கொண்டது, மலிவான மாற்று மருந்துகள் வரவிடாமல் அவர் வழியை அடைத்ததை. உலகம் கோபப்பட்டது விலைக்கு. சட்டம் தண்டித்தது அடைத்த கதவுக்கு.

ஒரு சோதனை: பண்டிகைக்கால ஆம்னி பஸ்

தீபாவளிக்கு முதல் நாள் சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குச் செல்லும் தனியார் பேருந்துக் கட்டணத்தில் இந்த விடைகளை உரசிப் பார்க்கலாம். எண் வரம்புக்காரர் வழக்கமான கட்டணத்தோடு ஒப்பிட்டுக் கொள்ளை என்பார். செய்தி மறைப்பைப் பார்ப்பவர் குற்றம் காண மாட்டார். கட்டணம் செயலியில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஸ்மித்தின் வழி வந்தவர், உயர் கட்டணம் கூடுதல் பேருந்துகளைச் சாலைக்குக் கொண்டுவருகிறது என்பார். உரிமையாளர்களும், போகும்போது நிரம்பும் வண்டி வரும்போது காலியாக வருவதைச் சுட்டிக்காட்டுவார்கள். அது அக்வினாஸ் அனுமதித்த ‘சொந்த இழப்பு’; ஆனால் கட்டணம் அந்த இழப்புக்கும் மேலே போனால் அவர் அனுமதி அங்கே நின்றுவிடும்.

தீர்மானிக்கும் இடம் வேறொன்று என்று தோன்றுகிறது. அரசு சிறப்புப் பேருந்துகள் போதுமான அளவில் ஓடினால் தனியார் கட்டணம் ஒரு வசதிக்கான விலை. அவை போதாமல் போனால் அதே கட்டணம் ஊர் திரும்பும் கட்டாயத்தின் மீதான வரி. தொகை மாறாமலேயே அதன் தன்மை மாறிவிடுகிறது.

எஞ்சி நிற்பவை

இந்த நீண்ட விவாதத்தில் ஓரளவு இணக்கம் ஏற்பட்ட இடங்கள் மூன்று. குறையை மறைத்து விற்பது அநியாயம். செயற்கையாகப் பற்றாக்குறையை உண்டாக்கியோ கூடிப் பேசியோ விலை ஏற்றுவது அநியாயம்; சந்தையின் நண்பர்களும் இதை மறுப்பதில்லை. தப்ப வழியற்ற தனி மனிதரிடம் அவருக்கென்று விலை வைப்பது அநியாயம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், விலையின் அளவைவிட வாங்குபவருக்கு விலகிச் செல்ல வழி இருந்ததா, அந்த வழியை அடைத்தது யார் என்ற கேள்விகளே கூடுதலாகத் துலங்குகின்றன. உயர்ந்த விலை இதற்கான அறிகுறியாக இருக்கலாம். தன்னளவில் அது முழுச் சான்று ஆகாது.

எண் வரம்புகளைப் பயனற்றவை என்று இதனால் ஒதுக்க வேண்டியதில்லை. செயலி வழி டாக்ஸிக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறக் கூடாது என்று 2020இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. 2025இல் அதை இரண்டு மடங்காக்கியது. ஒன்றரையை நியாயமாக்குவதும் இரண்டை நியாயமாக்குவதும் எது என்றால் தால்முத்தின் ஆறில் ஒரு பங்குக்கு உள்ள விளக்கம்தான் இதற்கும். அந்த எண்கள் ஒப்பந்தங்கள். முன்கூட்டியே இரு தரப்புக்கும் தெரிந்திருப்பதும் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதும் அவற்றின் தகுதி.

திறந்தே நிற்கும் கேள்விகளும் உண்டு. யாருடைய சூழ்ச்சியும் இல்லாமல் உண்மையாகவே பொருள் குறைந்த நேரத்தில், முதலில் யாருக்குக் கொடுப்பது? வரிசை, பங்கீட்டு அட்டை, விலை என எந்த வழியும் யாரோ ஒருவரை வெளியே நிறுத்துகிறது. வரிசை, நிற்க நேரமில்லாத தினக்கூலியைத் தள்ளுகிறது. விலை, பணமில்லாதவரைத் தள்ளுகிறது. மேலும், வழி இல்லை என்பதை எங்கே தொடங்கி அளப்பது? இதய நோயாளிக்கு ஸ்டென்ட் இன்றியமையாதது. கல்யாண முகூர்த்தத்துக்கு முந்தைய நாளின் மல்லிகை அப்படியா?

மூன்றாவது கேள்வி புதியது. ரோட்ஸ் வணிகர் மறைத்தது கடலில் வரும் கப்பல்களை. இன்றைய விற்பனை நிரல்களுக்கு வாங்குபவரின் இடம், நேரம், பழைய செலவு, எத்தனை முறை ஒரே பயணத்தைத் தேடினார் என்பதுவரை தெரிய வாய்ப்பிருக்கிறது. ஆளுக்கொரு விலை என்ற பழைய பேரம் இப்போது ஒரு பக்கம் மட்டும் கண் திறந்திருக்கும் பேரமாகத் திரும்பலாம். செய்தி மறைப்பும் இக்கட்டைப் பயன்படுத்துவதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்த பழைய கோட்பாடுகள் எந்த அளவுக்குப் போதும் என்பது இனிமேல்தான் தெரியவரும். அதுவரை, ஒரு விலையைக் கொள்ளை என்பவர் தொகையை மட்டும் காட்டாமல் வாங்கியவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதையும் காட்ட வேண்டும். அந்த விலை நியாயம் என்பவருக்கும் அதே பொறுப்பு உண்டு.